வேதியியல் பிஎச்.டி.: முதல் வருடத்தில் யார், என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்?

கிண்டிக்காரி எழுதியது:

வணக்கம். சென்னையில் கரிம வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் துறையில் இந்தப் பருவத்தில் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது, நெடுநாளாக மனதில் கிடக்கும் கேள்வியை இங்கே போட்டுவிடலாம் என்று தோன்றியது. வேதியியல் ஆய்வு மாணவருக்கு முதல் வருடத்தில் என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்? அதை யார் கற்றுக்கொடுக்க வேண்டும்?

காகிதத்தில் பதில் இருக்கிறது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிகள்படி குறைந்தது 12 கிரெடிட்டுக்குக் கோர்ஸ் ஒர்க் முடிக்க வேண்டும். ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி பற்றிய பாடமும் அதில் அடக்கம். 55 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழுவின் முன்னால் வேலையை விளக்கி, அறிக்கை கொடுக்க வேண்டும். நாம் பழக்கத்தில் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்று சொல்வது அதைத்தான். எல்லாம் நல்ல விதிகள்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் பல இடங்களில் ஆய்வு முறையியல் தாள் எல்லாத் துறைக்கும் பொதுவாக நடக்கிறது. கருத்துக்கணிப்புக்குக் கேள்விகள் தயாரிப்பது எப்படி என்று வேதியியல் மாணவர் படித்து, எழுதி, பாஸ் செய்கிறார். அப்புறம் லேபுக்கு வந்து, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய பியூட்டைல் லித்தியம் பாட்டில் முன்னால் நிற்கிறார். அதை ஊசியில் எப்படி எடுப்பது, ஊசியில் மிச்சம் இருப்பதை எப்படிச் செயலிழக்க வைப்பது என்று எந்தத் தாளிலும் வரவில்லை. சீனியருக்கு நேரமும் மனமும் இருந்தால் சொல்லிக்கொடுப்பார். அவர் தீசிஸ் எழுத உட்கார்ந்துவிட்டால் அதோடு சரி.

ஒருவருடைய பயிற்சி முழுக்க முழுக்க அவருக்கு வாய்த்த கைடையும் (ஆய்வு வழிகாட்டியையும்) சீனியரையும் பொறுத்தே அமைகிறது. எந்த கைடிடம் சேர்ந்தாலும் இன்னின்ன விஷயங்கள் கட்டாயம் கற்றுக்கொடுக்கப்படும் என்று துறையே பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அனுபவத்தையும் மாற்றுக் கருத்தையும் எழுதுங்கள்.

ஆலத்தூர் கெமிஸ்ட் எழுதியது:

ஆலத்தூர் பக்கம் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும் நேர்காணலில் உட்காருவதால் நீங்கள் சொல்வதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

நான் கேட்கும் முதல் கேள்வி மிகச் சாதாரணமானது. டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம் என்ற கரைப்பானில் எடுத்த ஒரு புரோட்டான் என்.எம்.ஆர். தாளை (மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் நிறமாலையை) கொடுப்பேன். 7.26இல் கரைப்பானின் பீக் இருக்கும். 1.56 பக்கம் தண்ணீர். அது தவிர 4.12இல் நான்காகப் பிரிந்த ஒரு பீக் (குவார்ட்டெட்), 2.05இல் பிரியாத ஒரு பீக் (சிங்லெட்), 1.26இல் மூன்றாகப் பிரிந்த ஒரு பீக் (டிரிப்லெட்). பிரித்தெடுக்கும்போது பயன்படுத்திய எத்தில் அசிடேட் என்ற கரைப்பான் சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். பத்து நொடியில் சொல்லிவிடலாம். ஆனால் பிஎச்.டி. முடித்து, நல்ல இதழ்களில் கட்டுரையும் போட்டவர்கள் சிலர் அந்த மூன்று பீக்கையும் தங்கள் மூலக்கூறில் எங்கேயாவது பொருத்தப் பார்க்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விசாரித்தால் தெரிகிறது: சாம்பிளை வெளியே அனுப்புவார்கள், தாள் வரும், கைடே பார்த்து "சரியாக இருக்கிறது, எழுது" என்று சொல்லிவிடுவார். தானே உட்கார்ந்து ஒவ்வொரு பீக்காகப் படிக்கும் வேலையை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. அதே நேர்காணலுக்கு ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்த பெண், தாளைப் பார்த்தவுடன் "சார், இதை இன்னும் கொஞ்ச நேரம் வாக்குவத்தில் வைத்திருக்கலாம்" என்றார். அவருடைய லேபில் வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஸ்பெக்ட்ரம் படிப்பார்களாம். வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

நான் பல வருடம் கைடாக இருந்தவன். கிண்டிக்காரி அம்மா எழுதியதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, வேதியியல் பெஞ்சில் நின்று கற்றுக்கொள்ளும் தொழில். ஒரு வினை ஏன் ஓடவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிப்பவன் கற்றுக்கொள்வதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாது. பாடத்திட்டம் போட்டால் அதற்கு ஒரு தேர்வு வரும், தேர்வுக்கு நோட்ஸ் வரும், நோட்ஸைப் படித்துப் பாஸ் செய்துவிட்டு லேபில் பழையபடி நிற்பார்கள். ஆய்வு நெறிப் பாடத்துக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. நல்ல நோக்கத்தோடு கொண்டுவந்தார்கள். பல இடங்களில் கொள்குறி வினாவாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, யார் நடத்துவது? விதிப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் கைடாக இருக்கலாம். ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாத துறையில், இருக்கிற சிலரே முதுகலை வகுப்பு, தேர்வு வேலை, நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு) கமிட்டி வேலை எல்லாவற்றையும் இழுக்கிறார்கள். அவர்கள் தலையில் இன்னொரு பாடத்திட்டத்தை ஏற்றினால் அது பெயரளவுக்குத்தான் நடக்கும். காலியிடத்தை நிரப்புங்கள் என்று முதலில் கேளுங்கள்.

புகைக்கூண்டு எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். மற்றதெல்லாம் பெஞ்சில் நின்று கற்றுக்கொள்ளலாம், பாதுகாப்பைத் தவறு செய்து கற்றுக்கொள்ள முடியாது. நான் இணைவுக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2008 டிசம்பர் 29இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஷெஹர்பானோ சங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். உந்துதண்டு வெளியே வந்துவிட்டது. காற்றுப் பட்டவுடன் தீப்பிடிக்கும் பொருள் அது. லேப் கோட் போடவில்லை, போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் தீயில் உருகியது. 18 நாள் கழித்து இறந்துபோனார். பிறகு அந்த ஆய்வகத்தின் பேராசிரியர் மீது குற்ற வழக்கே போடப்பட்டது. பெரிய பல்கலைக்கழகம், பணம் உள்ள லேப். அங்கேயும் பிரச்சினை அவருக்கு முறையாகப் பயிற்சி கொடுக்கப்படவில்லை என்பதுதான்.

கேரன் வெட்டர்ஹான் கதை வேறு மாதிரி. டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர், உலோக நச்சுத்தன்மையில் நிபுணர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் ஒன்றிரண்டு சொட்டு கையுறை மேல் விழுந்தது. ஃப்யூம் ஹூடுக்குள்தான் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டுக்குள்தான்) வேலை செய்தார், அந்தக் காலத்தில் சொல்லப்பட்டபடி லேடெக்ஸ் கையுறையும் போட்டிருந்தார். ஆனால் லேடெக்ஸ் வழியாக அந்தப் பொருள் சில நொடிகளில் உள்ளே போய்விடும் என்று பிறகுதான் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். 1997 ஜூனில் இறந்தார். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்ற பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் லேபில் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா கையுறைதான், அதுவும் தீர்ந்துபோனால் அடுத்த பில் பாஸாகும் வரை இல்லை.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான் பழைய பாட்டிலாக இருந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கும். சோதிக்காமல் அதை முழுக்க வற்றும் வரை காய்ச்சினால் வெடிக்கும். கழிவுக் கேனில் நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலோ அசிட்டோனோ ஒன்றாகப் போய், மூடியை இறுக்கி வைத்தால் அதுவும் வெடிக்கும். நான் படித்த இடத்தில் கழிவுக் கேன் மேல் ஒரு லேபிள்கூட இருந்ததில்லை. ஒரு நாள் மாலை அந்தக் கேன் வெடித்து, மூடி கூரையில் போய் அடித்தது. யாரும் பக்கத்தில் இல்லாதது தெய்வாதீனம். மறுநாள் சுத்தம் செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். என்ன கலந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதைப் பற்றி ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

லேபில் முதல் வினை வைக்கும் முன்னால் பாதுகாப்புப் பயிற்சி, செய்முறையோடு, கட்டாயம். அதில் தேறாதவருக்குச் சாவி கொடுக்கக் கூடாது. இதற்குப் புதிதாக ஆசிரியர் பணியிடம் எதுவும் தேவையில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தம்பி எழுதியதோடு எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. பாதுகாப்பை நான் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. அது தனி.

அடையாறு தோல் எழுதியது:

மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்காலராக இருக்கிறேன். எங்களுக்குப் பட்டம் கொடுப்பது சிஎஸ்ஐஆரின் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின்) கீழ் வரும் அக்சிர் என்ற கல்வி நிறுவனம். கோர்ஸ் ஒர்க் கொஞ்சம் கட்டுக்கோப்பாகவே நடக்கும். அது போக சிஎஸ்ஐஆர் 800 என்று ஒரு வேலை உண்டு: சில வாரங்கள் கிராமப்புறம் அல்லது சாதாரண மக்களின் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு அறிக்கை எழுத வேண்டும்.

முதலில் இதெல்லாம் எதற்கு என்றுதான் நினைத்தோம். நான் ஆம்பூர் பக்கம் போய், தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்பவர்களிடம் பேசினேன். குரோமியம் மூன்று, அதைவிட நச்சுள்ள குரோமியம் ஆறு என்று நாங்கள் பேப்பரில் எழுதும் வேறுபாடு, அங்கே ஒருவருக்குத் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற கேள்வியாக வருகிறது. ஆய்வுக்கூடத்தில் அளக்கும் எண்ணுக்கு ஒரு முகம் கிடைத்தது. இப்படி ஒரு பகுதியைப் பல்கலைக்கழகங்களும் சேர்க்கலாம் என்பேன்.

டிரெஸ்டன்வாசி எழுதியது:

தாம்பரத்தில் எம்.எஸ்சி. படித்துவிட்டு ஜெர்மனியில் பிஎச்.டி. முடித்தவன். "வெளிநாட்டில் எல்லாம் முறையாக நடக்கிறது" என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே ஒரே பேராசிரியரின் கீழ் வேலை செய்து முடிக்கும் பழைய முறையே இன்றும் நிறைய. 1990இலிருந்து ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளை, ஆய்வுப் பயிற்சிக் குழுக்கள் என்று தனியாகப் பணம் கொடுத்து நடத்துகிறது. ஒரு பொதுத் தலைப்பில் பத்துப் பதினைந்து மாணவர்கள், பல பேராசிரியர்கள். கருத்தரங்கு, பட்டறை எல்லாம் சேர்ந்தே நடக்கும். பிரிட்டனில் பொறியியல், இயற்பியல் அறிவியல் ஆய்வுக் கவுன்சில் நடத்தும் மையங்களில் நான்கு வருடப் பயிற்சி, ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுதியாகச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் பல துறைகளில் சேர்ந்தவுடன் கைடு முடிவாவதில்லை. முதலில் இரண்டு மூன்று லேபில் சில வாரம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

எனக்கு உண்மையில் உதவியது பாடங்கள் அல்ல. இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். முதல் பேராசிரியருடன் எனக்கு ஒத்துவராத சமயத்தில் போய்ப் பேச ஒரு கதவு இருந்தது. வருடத்துக்கு இரண்டு முறை எங்கே நிற்கிறேன், எப்போது முடியும் என்று எழுத்தில் கேட்பார். கூடச் சேர்ந்தவர்கள் பத்துப் பேரும் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரித் திணறுகிறோம் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். சென்னையில் ஸ்காலர் ஒவ்வொருவரும் தன் லேபுக்குள் தனியாக அடைந்து கிடக்கிறார்கள்.

இரண்டு_குழந்தை_அம்மா எழுதியது:

நான் வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பயிற்சி என்றால் பாடம் மட்டும்தானா? காலக்கெடுவும் பணமும் சரியாக இருந்தால்தானே மற்றதெல்லாம்?

2022 விதிகளில் பிஎச்.டி.க்கு உச்சம் ஆறு வருடம், அதற்கு மேல் இரண்டு வருட நீட்டிப்பு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம் உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் விடுப்பும் உண்டு. இது எத்தனை புது ஸ்காலருக்குத் தெரியும்? எனக்கு யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது அங்கேயும் தெரியவில்லை. விதிப் புத்தகத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்த பிறகுதான் விடுப்பு கிடைத்தது.

ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை ஐந்து வருடத்தோடு நின்றுவிடும். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அது ஒழுங்காக வந்தால் நல்ல தொகைதான். மாதக்கணக்கில் நிலுவையில் நின்று பிறகு மொத்தமாக வரும்போது, வேளச்சேரியில் வாடகை கொடுப்பவர் நடுவில் கடன்தான் வாங்க வேண்டியிருக்கிறது. உதவித்தொகையே இல்லாமல் சேர்ந்தவர்கள் டியூஷன் எடுத்துக்கொண்டு லேபுக்கு வருகிறார்கள். சனிக்கிழமை வகுப்பு வைத்தால் அவர்களால் வர முடியாது. இதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

பகுதிநேரம் எழுதியது:

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி. செய்பவர்களையும் மறந்துவிட வேண்டாம். எங்களுக்கு லேபில் நிற்கக் கிடைப்பதே மாலையும் விடுமுறையும்தான்.

கிண்டிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு யோசித்தேன்.

ஐயா சொன்ன காலியிடப் பிரச்சினை உண்மை. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அது தீரும் வரை இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அவர்களுக்கு இந்த வருடமே முதல் வருடம்.

தேர்வு வைத்தால் நோட்ஸ் வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் தேர்வே வேண்டாம், செய்து காட்டினால் போதும் என்று வைக்கலாம். எங்கள் லேபில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நவம்பர் மழையில் ஜூனியர் ஒருவர் பொட்டாசியம் புரோமைடு வில்லை செய்து அகச்சிவப்பு நிறமாலை எடுத்தார். 3400 பக்கத்தில் அகலமாக ஒரு பட்டை. ஹைட்ராக்சில் தொகுதி வந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதிவிட்டார். அவர் மூலக்கூறில் ஹைட்ராக்சிலே கிடையாது. சென்னை மழைக்காலக் காற்றில் பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுத்துக்கொண்டது. 1640 பக்கமும் தண்ணீரின் சின்னப் பட்டை தெரிந்தது. பொடியை அடுப்பில் காய வைத்து, விளக்கடியில் அரைத்து, மறுபடி எடுத்ததும் பட்டை போய்விட்டது. இதை வகுப்பறையில் சொன்னால் தலையாட்டுவோம். ஈரமான வில்லையிலும் காய்ந்த வில்லையிலும் இரண்டு தாள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மறக்க மாட்டார். இப்படிப் பத்துப் பதினைந்து செய்முறைகளை ஒரு பட்டியலாக்கி, துறையில் உள்ள எல்லா லேபின் சீனியர்களும் ஆளுக்கு ஒன்றாகப் பொறுப்பேற்றால் ஆசிரியர்கள் மேல் சுமை ஏறாது. விதியிலேயே ஸ்காலருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவி வேலை கொடுக்கலாம் என்று இருக்கிறது. சீனியரின் நேரத்தை அந்தக் கணக்கில் வைக்கலாம், இலவச வேலையாக இருக்க வேண்டாம். வாரநாள் மாலையிலும் ஒரு முறை நடத்தினால் பகுதிநேரக்காரர்களும் வர முடியும்.

இன்னொன்று, டிரெஸ்டன்வாசி அண்ணன் சொன்ன இரண்டாவது கதவு. நம்மிடம் அது டி.சி. வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கைடே அதன் ஒருங்கிணைப்பாளர். கைடு முன்னிலையில் கைடைப் பற்றி எந்த மாணவர் பேசுவார்? ஒவ்வொரு டி.சி.யிலும் பத்து நிமிடம், கைடு இல்லாமல், மாணவரும் மற்ற உறுப்பினர்களும் மட்டும் பேச வேண்டும் என்று துறை முடிவெடுத்தால் போதும். பைசா செலவில்லை.

லேபுக்குள் அடைந்து கிடப்பது பற்றி: 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதமான கொலாஜனின் அமைப்பை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக்கான கொலாஜன் வந்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. இயற்பியல்காரரும் தோல் வேதியியல்காரரும் பேசிக்கொண்டதால் வந்த வேலை அது. இன்று அதே சர்தார் படேல் சாலைப் பகுதியில் ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், தோல் நிலையம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு ஸ்காலர் பக்கத்து வளாகத்துக்குப் போவது பெரும்பாலும் சாம்பிள் கொடுக்கத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

பத்து நிமிட யோசனை முதலில் எனக்கு உறுத்தியது. கைடை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று. பிறகு யோசித்தால், நல்ல கைடுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் யாரையும் குறி வைத்ததாகவும் ஆகாது. ஆதரிக்கிறேன்.

ஆனால் செய்முறைப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். எழுத்துப் பயிற்சி வேண்டும். 2022 விதியில் தீசிஸ் கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. நல்லதுதான், பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களிடம் பிள்ளைகள் போய் விழுந்தார்கள். இப்போது கட்டாயம் இல்லை என்பதால் எழுதவே பழகாமல் கடைசி வருடத்தில் தீசிஸை ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். நகலெடுப்புச் சோதனையில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வாக்கியத்தில் சொற்களை மட்டும் மாற்றி எண்ணைக் குறைக்கிறார்கள். செமஸ்டருக்கு நான்கு பக்கம், தன் சொந்த முடிவுகளைப் பற்றி, முதல் வருடத்திலிருந்தே எழுத வேண்டும். டி.சி. அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

ஜனவரியில்_சேர்கிறேன் எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லாவற்றையும் படித்தேன். ஜனவரியில் சேரப்போகிறேன், இரண்டு கைடுகள் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

புகைக்கூண்டு எழுதியது:

லேபுக்குள் போய் ஃப்யூம் ஹூடில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பாருங்கள், உள்ளே இழுக்கிறதா என்று. கழிவுக் கேனில் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். கண்கழுவியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா?

டிரெஸ்டன்வாசி எழுதியது:

கைடிடம் கேட்பதைவிட, அவரிடம் முடித்துவிட்டுப் போனவர் ஒருவரிடம் கேளுங்கள். எத்தனை வருடம் ஆயிற்று, தீசிஸ் வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் திருப்பிக் கொடுப்பார், இந்த இரண்டையும் கேட்டால் போதும்.

இரண்டு_குழந்தை_அம்மா எழுதியது:

நடுவில் நின்றுவிட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரிடமும் பேசிவிடு கண்ணு. விதிகளை முழுசாகப் படித்து ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்.

ஆலத்தூர் கெமிஸ்ட் எழுதியது:

கிண்டிக்காரி, ஸ்பெக்ட்ரம் படிக்கும் பயிற்சியை நான் எடுக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை காலை வர முடியும். உங்கள் துறையில் அனுமதி வாங்க முடியுமா?

கிண்டிக்காரி எழுதியது:

துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன் அண்ணா, ஒரு வகுப்பறை தருவதாகச் சொன்னார். முதல் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்களுக்குப் புரியாத ஒரு புரோட்டான் என்.எம்.ஆர். தாளை அச்சிட்டுக் கொண்டு வரட்டும். காம்பவுண்டு பெயரை மறைத்துவிட்டு, கரைப்பான் பெயரையும் இன்டெக்ரேஷனையும் மட்டும் விட்டுவையுங்கள். மற்றக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள் அடையாள அட்டை எடுத்து வாருங்கள், வாயிலில் கேட்பார்கள். சனிக்கிழமை வர முடியாதவர்களுக்கு அதே தாள்களை அடுத்த புதன்கிழமை மாலை நானும் இன்னொரு சீனியரும் நடத்துகிறோம்.